மார்கன் டாலர்: கூடுதல் விலை எதற்குக் கொடுக்கலாம்?

கேள்வி: 1921ஆம் ஆண்டின் அமெரிக்க நாணயமான மார்கன் வெள்ளி டாலர் ஒன்றை, 'நூறாண்டுப் பழமை, கிடைத்தற்கரியது' என்று சொல்லி, அதிலுள்ள வெள்ளியின் மதிப்பைப்போல் மூன்று மடங்கு கேட்கிறார்கள். நன்றாகத் தேய்ந்த நாணயம். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். 1918இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்க அரசு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அவற்றை ஈடுகட்ட 1921இல் மட்டும் 8 கோடிக்கும் அதிகமான மார்கன் டாலர்களை அச்சிட்டது. இந்த வரிசையிலேயே மிகச் சாதாரணமான ஆண்டு அதுதான்.

எடை 26.73 கிராம், அதில் 90% வெள்ளி. ஆக, சுத்த வெள்ளி சுமார் 24 கிராம். வாங்கும் நாளில் வெள்ளியின் கிராம் விலையால் பெருக்கிப் பாருங்கள். தேய்ந்த 1921க்கு அதற்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பெரிய விலை கிடைப்பது ஆண்டும் அச்சிட்ட ஊரும் சேர்ந்து அமையும்போது. கழுகு உள்ள பக்கத்தில், மாலையின் முடிச்சுக்குக் கீழே பாருங்கள். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' நியூ ஆர்லியன்ஸ், 'சிசி' கார்சன் சிட்டி. எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. 1889 'சிசி' மூன்றரை லட்சம், 1893 'எஸ்' ஒரு லட்சம் மட்டுமே அச்சாயின.

கேள்வி: அதே 1893 'எஸ்' மலிவாக வருகிறதே! போலியா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலான போலிகளைப் பிடித்துவிடலாம். காந்தம் இழுத்தால் போலி. இழுக்காததால் மட்டும் அசல் ஆகிவிடாது. பித்தளையும் செம்பும்கூடக் காந்தத்தில் ஒட்டாது.

0.01 கிராம் வரை காட்டும் தராசு வாங்குங்கள். தேய்மானத்தால் எடை குறையலாம், கூடாது. 27 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டம் 38.1 மில்லிமீட்டர்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இதைத் தவறவிடாதீர்கள். தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, குமிழியும் ஒட்டியிருக்கக்கூடாது. அசலுக்குத் தராசு 2.6 கிராம் அளவில் காட்டும். அதே எடையுள்ள செம்பு-நிக்கல் போலிக்கு 3 கிராம் வரும்.

அசல் வெள்ளியிலேயே செய்த போலியும், சாதாரண 1893இல் 'எஸ்' ஒட்டிய மோசடியும் இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். 10 மடங்கு லென்ஸில் எழுத்தின் அடியைச் சுற்றிப் பாருங்கள்: இணைப்புக் கோடோ நிற மாற்றமோ தெரிந்தால் ஒட்டியது. தலைப் பக்கத்தில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' எழுத்து உச்சியில் சிறிய சாய்ந்த மேட்டுக்கோடு இருக்க வேண்டும். அசல் 1893 'எஸ்'ஸின் அடையாளம் அது.

இந்த ஆண்டை, நாணயங்களைச் சோதித்துத் தரமிடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி தரமிட்டு மூடிய பெட்டியில் மட்டும் வாங்குங்கள். பெட்டியையும் போலி செய்கிறார்கள், உண்மையான சான்று எண்ணையே அச்சடித்து. நிறுவனத் தளத்தில் எண்ணைத் தேடி, படம் இருந்தால் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: கென்னடி உருவமுள்ள அமெரிக்க அரை டாலர்கள் எல்லாமே வெள்ளியா?

பதில்: இல்லை. 1964 மட்டும் 90% (12.5 கிராம்). 1965 முதல் 1970 வரை 40% (11.5 கிராம்), அதாவது வெள்ளி 4.6 கிராம்தான். 1971 முதல் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளி இல்லை. விளிம்பில் செம்புக் கோடு பளிச்சென்று தெரியும். கலந்து கட்டி விற்கும் பைகளில் ஆண்டு பிரித்து எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கறுத்த நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பற்பசை, சமையல் சோடா, பாலிஷ் எல்லாமே நுண்கீறல் விடும். சேகரிப்பு மதிப்பு போனால் திரும்பாது. பச்சைப் பிசுக்கு மட்டும் விதிவிலக்கு. மென்மையான பிவிசி உறையிலிருந்து வரும் அது வெள்ளியை அரிக்கும். சுத்த அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். அறை காற்றோட்டமாக இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அதைப் பயன்படுத்தாதீர்கள்.