அந்த நீலத் தட்டு

வாசகி கேட்டது:
நானும் கணவரும் ஏழு வயது மகளும் மலாவி நாட்டில், ஜோம்பா பக்கத்தில் மிஷனெரிகளாக இருக்கிறோம். கணவர் வேதாகமக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். வந்து நாலு வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் இந்த ஊர் பிடிபடவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மக்காச்சோளக் களிதான். மழை விட்டால் ஈசலைப் பிடித்து வறுத்துத் தின்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நிற்கிறார்கள். ஒரு சாவு விழுந்தால் எல்லா வேலையும் நின்றுபோகிறது. கிராமத்தில் ஒரே தட்டில் ஐந்து பேர் கை வைக்கிறார்கள், எனக்குக் குமட்டுகிறது. வீட்டு வேலைக்கு 55 வயதில் ஒருத்தி வருகிறாள். நல்லவள்தான், ஆனால் ஜனவரி வந்தால் சம்பளத்தை முன்கூட்டியே கேட்பாள். காலரா வந்த சமயத்திலிருந்து அவளுக்கு ஒரு நீலத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டோம். பின்வாசல் படியில் சாப்பிட்டுக்கொள்வாள், அதில் ஒரு பிரச்னையும் இல்லை. மகள்தான் எங்கள் நாய் ஜிம்மியையும் இழுத்துக்கொண்டு போய் அவளோடு உட்கார்ந்துகொள்கிறாள், கண்டித்தாலும் கேட்பதில்லை. இங்கே பழகிக்கொள்ள என்ன வழி? இல்லை, தலைமை அலுவலகத்துக்கு எழுதி ஊர் திரும்பிவிடலாமா?
- பெயர் வேண்டாம், மலாவி

பதில்:
ஊழியக் குடும்பங்களிடமிருந்து இந்த மாதிரிக் கடிதம் வருடத்துக்கு நாலைந்தாவது எனக்கு வரும். நாட்டின் பெயர் மாறும். சாப்பாடு, நேரம், அக்கம்பக்கம் என்று வரிசை மட்டும் மாறாது. 'ஜெபம் பண்ணுங்கள், நாளடைவில் பழகிவிடும்' என்று ஒரு காலத்தில் நானும் எழுதினேன். உங்களுக்கு அப்படி எழுத மாட்டேன். உங்கள் கடிதத்தில் 'ஒரு பிரச்னையும் இல்லை' என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த இடத்தில்தான் பிரச்னை தெரிகிறது.

அதற்கு முன்னால் மற்றதை முடித்துவிடுகிறேன். நீங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர் என்று கடித உறையே சொல்கிறது. உங்கள் ஆச்சி கம்பங்களியை உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி பண்ணி, குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டவராகத்தான் இருப்பார். மலாவிக்காரர் அந்த மக்காச்சோளக் களியை, ந்சீமாவை, அதே மாதிரி உருட்டி, குழி பண்ணி, கீரையிலோ மீனிலோ தொட்டுச் சாப்பிடுகிறார். அங்கே ஏரியில் பிடித்துக் காயவைக்கும் உசிப்பா மீனை மண்சட்டியில் போட்டுப் பாருங்கள், நெத்திலிக் கருவாடு மணக்கும். ஈசலா? ஐப்பசி மழை விட்ட ராத்திரி விளக்கடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஈசல் பிடித்து, சிறகு உதிர்த்து, அரிசியோடு வறுத்துத் தின்ற ஊர்கள் நம் பக்கமும் உண்டு. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்பதற்கு 'ஓடி' என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். நம் ஊரில் 'வீட்ல யாரு' என்று கேட்கும்போதே ஒரு கால் நடைக்குள் இருக்கும். இதில் எதுவும் உங்களுக்கு அந்நியம் இல்லை, அம்மா. இடையில் பத்துப் பதினைந்து வருடம் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் பட்டணத்து வீடுகளில் இருந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

சாவு வீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் இறந்தால் பெண்கள் இடுப்பில் சிட்டெஞ்சேத் துணியைச் சுற்றிக்கொண்டு, மாவோ விறகோ கையில் எடுத்துக்கொண்டு போய், பிரேதம் கிடக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். ஆண்கள் வெளியே இருப்பார்கள். வேலை நிற்கத்தான் செய்யும். நம் பக்கத்தில் துட்டி கேட்க வராதவனை மூன்று தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருப்பார்களே, அங்கேயும் அப்படித்தான். பணம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால் கணக்கில் வராது. போய் உட்காருங்கள். பேச வேண்டியதில்லை, பாஷையும் தேவையில்லை.

ஜனவரிச் சம்பளத்துக்கும் காரணம் இருக்கிறது. அங்கே மக்காச்சோள அறுவடை ஏப்ரல் வாக்கில்தான். போன வருடத்து தானியம் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் தாண்டினால் தீர்ந்துவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் வயல் பச்சையாக நிற்கும், குதிர் காலியாக இருக்கும், சந்தையில் மக்காச்சோள விலை ஏறும். முன்பணம் கேட்கிற கையைப் பார்த்து அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மே மாதம் விலை இறங்கியிருக்கும்போது 50 கிலோ மூட்டை இரண்டு வாங்கி வைத்து, ஜனவரியில் சம்பளத்தில் பிடிக்காமல் கொடுத்திருக்கலாம். நாலு வருடத்தில் நாலு ஜனவரி போய்விட்டது.

சரி, இப்போது அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

காலராவால் தனித் தட்டு என்கிறீர்கள். 2022-லும் 2023-லும் மலாவியில் வந்த காலரா அந்த நாடு கண்டதிலேயே மோசமானது, 1,700 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நீங்கள் பயந்ததில் தப்பில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். காலரா கெட்ட தண்ணீரில் வரும், சுத்தமில்லாத சாப்பாட்டில் வரும். உங்கள் வீட்டுத் தண்ணீரைக் காய்ச்சியது யார்? காய்கறி நறுக்கியது யார்? சப்பாத்திக்கு மாவு பிசைந்தது யார்? உங்கள் மகளின் தட்டையும் உங்கள் தட்டையும் கழுவி அடுக்கியது யார்? அந்தக் கை பட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அந்தக் கை சாப்பிடும் தட்டை மட்டும் ஒதுக்கி வைத்தால் காலரா நின்றுவிடுமா? இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் காலராவும் ஓய்ந்துவிட்டது. தட்டு ஏன் இன்னும் பின்வாசலில் இருக்கிறது?

நான் சொல்கிறேன். அந்தத் தட்டு காலராவுக்கு முந்தியது. அது நம் ஊரிலிருந்து உங்கள் பெட்டியில் வந்தது.

என் தாத்தா உபதேசியார். தினமும் காலையிலும் மாலையிலும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். அதே வீட்டின் பின்கட்டில், வேலிக் கம்பில் ஒரு சிரட்டை தொங்கும். துணி வெளுக்கவும் களத்தில் நெல் அடிக்கவும் வருகிறவர்களுக்குக் காப்பி அதில்தான். கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுவார் என் ஆச்சி. எட்டு வயதில் நான் ஏன் என்று கேட்டேன். 'சுத்தத்துக்குத்தான் புள்ள, வேற ஒண்ணுமில்ல' என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் அதை நம்பினார். என் ஆச்சி அன்பானவர், தோட்டி வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்துவிடுவார். சிரட்டையை மட்டும் அவர் சாகும்வரை இறக்கவில்லை. அவர் கல்லறையில் நின்று அழுதபோதும் எனக்கு அந்தச் சிரட்டை ஞாபகம் வந்தது, இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. ஆகையால்தான் உங்களிடம் கோபமாக எழுதுகிறேன்.

நம் சபைகளுக்கு இது பழைய வியாதி. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முழுசாக, ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். எழுதி என்ன? வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் நின்றது, அதை இடிக்க 1910 ஆயிற்று. அதே 1910-ல் வெள்ளாளன்விளையில் பிறந்த, பின்னாளில் பிஷப்பான அசரியா, எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் முன்னால் நின்று பேசினார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். வந்த மிஷனெரிகள் நல்லவர்களாக இருந்தும் இந்தியர்களை ஒரு படி கீழே வைத்துத்தான் பழகினார்கள் என்ற வலி அது. 1903-ல் பாளையங்கோட்டையில் அவர் சேர்ந்து தொடங்கிய மிஷனெரி சங்கத்தின் வழியில் வந்த பிள்ளைகள்தான் நாம் எல்லோரும். அவர் எடின்பரோவில் யாரைப் பார்த்துப் பேசினாரோ அந்த நாற்காலியில் இன்றைக்கு மலாவியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அங்கே இருக்கிறவர்களுக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டுப் பண நோட்டில் ஒரு போதகரின் முகம் இருக்கிறது, நீங்கள் சம்பளமாக எண்ணிக் கொடுக்கிற நோட்டுதான். ஜான் சிலெம்ப்வே. சிராட்சூலுவில் சபையும் பள்ளிக்கூடமும் கட்டினவர். பக்கத்து வெள்ளைக்காரத் தோட்டத்தில் தன் ஜனங்களை நடத்திய விதமும், அங்கே ஜெபவீடுகளைக் கொளுத்தியதும், யாருடைய சண்டைக்கோ தன் ஆட்களைப் பிடித்துப்போனதும் பொறுக்காமல் 1915 ஜனவரியில் கலகம் செய்து சுடப்பட்டுச் செத்தார். அவர் கையில் ஆயுதம் எடுத்ததை நான் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஜனங்கள் அவரை மறக்கவில்லை, வருடா வருடம் ஜனவரி 15 அவர் பெயரில் விடுமுறை. அவமரியாதையை அடையாளம் காண அந்த அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பின்வாசலில் பேசாமல் சாப்பிடுகிறார் என்றால் வீட்டில் பேரப்பிள்ளைகள் பசியாக இருக்கும், அதனால் பேசாமல் சாப்பிடுகிறார்.

இன்னொன்று. உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் உங்கள் நாய்க்குப் பெயர் இருக்கிறது. நாலு வருடமாக உங்களுக்குச் சமைத்துப் போடும் அந்த அம்மாவுக்கு ஒரு இடத்திலும் பெயர் இல்லை, 'ஒருத்தி', 'அவள்' என்றே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாயார் வயது அவருக்கு. அந்த ஊர்ப் பாஷையான சிச்சேவாவிலும் நம்மைப் போலவே நீ வேறு, நீங்கள் வேறு. சின்னவர்களிடம் 'உலி ப்வான்ஜி', பெரியவர்களிடம் 'முலி ப்வான்ஜி'. அந்த வயதுப் பெண்ணை 'அமாயி' என்று மரியாதையோடு கூப்பிடுவார்கள், அம்மா என்று அர்த்தம். பேரப்பிள்ளைகள் 'அகோகோ' என்பார்கள். உங்கள் மகள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று நினைக்கிறேன். மூன்று வயதில் அந்த ஊருக்குப் போன குழந்தை, தன் பாட்டியைப் பின்வாசல் படியில் கண்டுபிடித்துக்கொண்டது. அதற்காக அதைக் கண்டிக்கிறீர்கள்! அவளை இனிமேல் அந்தப் படியிலிருந்து கூப்பிடாதீர்கள்.

உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். ஐயா, கல்லூரியில் திருவிருந்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு மத்தியானம் அந்தப் பின்வாசல் வழியாகத்தானே வீட்டுக்குள் வருகிறீர்கள்? நாலு வருடமாகத் தாண்டிப்போகிறீர்களே, ஒருநாளாவது கண்ணில் பட்டதா? வீட்டுச் சமாசாரம் பெண்கள் பாடு என்று விட்டுவிட்டீர்களா? ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப் போடுகிறவர் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தவர். இது என் நம்பிக்கை, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் சாப்பிட்டாரா, எதில் சாப்பிட்டார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று தெரிந்துவைத்திருப்பது அந்த வீட்டுத் தலைவனின் கடமை.

என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாளைக்கே அவரைப் பிடித்து மேஜையில் உட்கார வைக்காதீர்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும், ஒரு காட்சி மாதிரி ஆகிவிடும். மன்னிப்புக் கேட்டு நீளமாகப் பேசவும் வேண்டாம். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். பின்வாசலில் ஒரு பாய் விரியுங்கள். ந்சீமாவை நீங்களே கிண்டுங்கள், கட்டி விழுந்தால் அவர் சொல்லித் தருவார். அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால், அந்த ஊர் வழக்கப்படி கிண்ணமும் செம்புமாகத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் நீங்கள் ஊற்றுங்கள். இத்தனை நாள் உங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கு அவர்தானே ஊற்றியிருப்பார்? ஒரே தட்டில் நீங்கள், அவர், உங்கள் மகள். குமட்டினால் குமட்டட்டும், இரண்டு நாளில் அடங்கும். நம் சேகரத்து அசன விருந்தில் முன்பின் தெரியாதவன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட வயிறுதானே அது.

முதல் நாள் அவர் எழுந்து நின்றுகொண்டால் வற்புறுத்த வேண்டாம். மறுநாளும் பாயை விரியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்கு நடந்து போங்கள், காரில் வேண்டாம். வாசலில் நின்று 'ஓடி' என்று நீங்கள் சொல்லுங்கள். கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிடுங்கள், கீரையானாலும் ஈசலானாலும்.

நீலத் தட்டைத் தூக்கி எறிய வேண்டாம், அங்கே யாரும் நல்ல தட்டை எறிவதில்லை. மற்றத் தட்டுகளோடு அடுக்கில் வையுங்கள். யார் கைக்கு வருகிறதோ அவர் அதில் சாப்பிடட்டும். முதல் வாரம் நீங்கள் சாப்பிடுங்கள்.

ஊர் திரும்புவதைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு இப்போது எழுதாதீர்கள். மலாவியில் அந்தத் தட்டு உறுத்துகிறது, உங்கள் மகளாவது போய்ப் பக்கத்தில் உட்காருகிறாள். இங்கே வந்துவிட்டால் அது கச்சிதமாகப் பொருந்திவிடும், ஒரு வீட்டிலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மகளும் வளர்ந்து கேட்பதை நிறுத்திவிடுவாள். எனக்கு அந்தப் பயம்தான்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அவர் பெயர் இருக்கட்டும், அவர் பிள்ளைகள் பெயரும்.