பட்டுச் சேலைக் கடைக்குப் பாட்காஸ்ட் உதவுமா?

கேள்வி: காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பம் பட்டுச் சேலை நெய்து விற்கிறது. எட்டுத் தறி, வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னக் கடை. தெரிந்தவர்கள் சொல்லித்தான் வியாபாரம் வருகிறது. வாட்ஸ்அப்பிலும் கொஞ்சம் போகிறது. இணையத்தில் தொடராகப் பேசிப் போடும் பாட்காஸ்ட் ஆரம்பியுங்கள் என்கிறான் என் அண்ணன் மகன். ஒரு ஸ்டுடியோவில் விசாரித்தால் மாதம் நான்கு நிகழ்ச்சிக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆடியோ போதுமா, வீடியோ வேண்டுமா? கண்ணால் பார்த்து வாங்கும் பொருளுக்குக் காதால் கேட்கிற விளம்பரம் எதற்கு? எனக்குக் கேமரா முன்னால் பேசவும் வராது.

பதில்: ஆரம்பியுங்கள். ஆனால் அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஸ்டுடியோவில் இரண்டு நாற்காலி, நியான் விளக்கு, பின்னால் செங்கல் சுவர் இருக்கும். உங்கள் வீட்டில் தறி இருக்கிறது. வாடிக்கையாளர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

ஆடியோவா வீடியோவா என்பதற்கு என் பதில்: வீடியோவாக எடுங்கள், அதிலிருந்தே ஆடியோவைப் பிரித்துக் கொள்ளுங்கள். உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுப்பதற்கு முன் யூடியூபில்தான் தேடுவார். 'அசல் ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது' என்று ஸ்பாட்டிஃபை என்ற ஆடியோ செயலியில் தேடுகிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே புது ஆள் உள்ளே வரும் வாசல் வீடியோ. ஆடியோ, ஏற்கெனவே உங்களை அறிந்தவர்களுக்கு. சிங்கப்பூரில் ரயிலில் வேலைக்குப் போகும் பெண்ணும் அமெரிக்காவில் ஒரு மணி நேரம் கார் ஓட்டுகிறவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, காது மட்டும் சும்மா இருக்கும். அடுத்த கல்யாணத்துக்கு உங்களிடமே மொத்தமாக எடுக்கக்கூடியவர்கள் இவர்கள்.

என்ன பேசுவது? கடையில் நீங்கள் தினமும் பேசுவதைத்தான். ஒரு மாதம் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதுங்கள். 'இரண்டும் பட்டுதானே, இது 12,000, அது 35,000, ஏன்?' 'சில்க் மார்க் இருந்தால் போதுமா?' 'இது கைத்தறியா, பவர்லூமா?' 'பத்து வருஷம் பீரோவில் வைத்தால் மடிப்பில் கிழிந்துவிடுமா?' ஒவ்வொரு கேள்வியும் ஒரு நிகழ்ச்சி. எட்டு முதல் பதினைந்து நிமிடம் போதும். விஷயம் கனமாக இருந்தால் இருபது நிமிடம் போகட்டும்.

சில்க் மார்க் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த முத்திரை அது. துணி அசல் பட்டு என்பதற்கு உத்தரவாதம். ஜரிகை எப்படிப்பட்டது, கையால் நெய்ததா என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்காது. இது தெரியாமல் முத்திரையை மட்டும் பார்த்து எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் நிறைய. இதைப் பத்து நிமிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். கூடவே ஜரிகையைச் சுரண்டிக் காட்டுங்கள்: அசல் என்றால் வெள்ளிக் கம்பிக்கு உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். ஹாஃப் ஃபைன் என்றால் உள்ளே இருப்பது செம்பு. பிளாஸ்டிக் ஜரிகையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இதைப் பார்த்தவருக்கு உங்கள் கடை விளம்பரம் தனியாகத் தேவைப்படாது. நிகழ்ச்சியின் கடைசியில் கடைப் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் ஒரு தடவை சொன்னால் போதும்.

அடுத்தது கோர்வை. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக் கருவி) ஓடி, இணையும் இடத்தில் ஊடைகள், அதாவது குறுக்கு நூல்கள், ஒன்றையொன்று கோத்துக்கொள்வதும், மறுபக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் உட்கார வேண்டியிருப்பதும் விலை ஏன் ஏறுகிறது என்பதற்கான நேர்மையான விளக்கம். இதைச் சொல்ல உங்கள் நெசவாளரைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. எழுதிக் கொடுத்துப் படிக்க வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த இடத்தில் நூல் அறுந்தால் என்ன செய்வீர்கள் அண்ணா?' என்று கேளுங்கள், அவர் பாட்டுக்குப் பேசுவார். ஒன்றை மறக்காதீர்கள். அவருக்குக் கூலி சேலைக் கணக்கில். பேச உட்கார்ந்த அரை நாள் அவருக்கு நஷ்டம். அந்தக் கூலியைக் கொடுங்கள், அவர் சம்மதித்தால் நிகழ்ச்சியில் பெயரையும் சொல்லுங்கள். ஸ்டுடியோவுக்குக் கொடுப்பதாக இருந்த பணத்தில் ஒரு பங்கு இப்படிப் போவதில்தான் எனக்கு நிஜமான திருப்தி.

கேமரா முன்னால் பேச வராது என்கிறீர்கள். முகம் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? தரையில் பாயை விரித்து அதன்மேல் சேலையை விரியுங்கள். போனை ஸ்டாண்டில் மாட்டி மேலிருந்து கீழே பார்க்கும்படி வையுங்கள். படத்தில் உங்கள் கையும் சேலையும் மட்டும் வரட்டும், நீங்கள் எதிரில் ஒரு வாடிக்கையாளர் இருப்பதாக நினைத்துப் பேசுங்கள். இன்னும் நல்லது, தங்கையையோ மருமகளையோ எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வது. கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

சத்தம்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். குரல் எதிரொலித்தால் அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். இதில் உங்களுக்கு இருக்கும் வசதி வேறு எந்த வியாபாரிக்கும் இல்லை: சேலை அடுக்கிய அறையே எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வயர் வைத்த காலர் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். நகையும் மைக்கும் உரசக் கூடாது. ஓடும் தறிக்குப் பக்கத்தில் பேட்டி எடுக்க ஆசை வரும், வேண்டாம். தறிச் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்து, தொடக்கத்தில் சில நொடிகள் சேருங்கள். அதுவே உங்கள் அடையாள இசை. சினிமாப் பாட்டைச் சேர்த்தால் காப்புரிமைக் கோரிக்கை வரும், வீடியோவே முடங்கலாம்.

வெளிச்சத்துக்குக் காலை நேர ஜன்னல் போதும். டியூப் லைட்டில் அரக்கு ஒரு மாதிரி, மயில் கழுத்து வேறு மாதிரி தெரியும். 'வீடியோவில் பார்த்த கலர் இல்லையே' என்று சேலை திரும்பி வரும். போனில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) இடையில் மாறாதபடி லாக் செய்துவிட்டு எடுங்கள். நிறத்தை வாயாலும் சொல்லுங்கள்: மாந்துளிர், கத்திரிப்பூ, கிளிப்பச்சை. ஆடியோவில் கேட்பவருக்கும் சேலை கண்ணில் வரும். 'இது பாருங்க, இந்தக் கலர்' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் ஒரே பதிவு இரண்டுக்கும் உதவும்.

ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு பிளேலிஸ்ட் தொடங்கி அதைப் பாட்காஸ்ட் என்று குறித்தால் யூடியூப் மியூசிக்கிலும் வரும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024-இல் மூடப்பட்டுவிட்டதால் பழைய வழிகாட்டிகளில் அதைப் பற்றி வருவதை விட்டுவிடுங்கள். ஆடியோவை ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸில் இலவசமாக ஏற்றலாம். அது தரும் ஆர்.எஸ்.எஸ். முகவரியை (புது நிகழ்ச்சி வந்ததை மற்ற செயலிகளுக்குத் தெரிவிக்கும் இணைப்பு) ஒரு தடவை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் பதிந்தால் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியும் தானாக அங்கேயும் போகும். அட்டைப்படம் சதுரமாக, 3000-க்கு 3000 பிக்சலில் இருக்கட்டும். பேச்சு மட்டும் உள்ள ஆடியோவுக்கு மோனோவில் (ஒற்றை ஒலித்தடம்) 64 கே.பி.பி.எஸ். தரம் போதும், இருபது நிமிடம் சுமார் 10 எம்.பி. வரும், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். யூடியூபின் குறு வீடியோப் பகுதியான ஷார்ட்ஸில் இப்போது மூன்று நிமிடம் வரை போடலாம் என்பதால், ஜரிகை சுரண்டும் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டு முழு வீடியோவோடு இணைத்துவிடுங்கள்.

தலைப்பில் அக்கறை காட்டுங்கள். 'எங்கள் பாட்காஸ்ட், பகுதி 3' என்று வைத்தால் யாரும் தேடி வர மாட்டார்கள். நோட்டில் எழுதிய கேள்வியே தலைப்பாகட்டும். விளக்கப் பகுதியில் அதையே ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள், பிள்ளைகள் அப்படித்தான் தேடுகிறார்கள். எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று 0:00-இல் தொடங்கி நேரக் குறிப்பும் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லாவில் வாய் தவறிச் சொன்னது காற்றோடு போகும், பதிவில் சொன்னது நிற்கும். ஹாஃப் ஃபைன் ஜரிகைச் சேலையைக் காட்டி 'சுத்த வெள்ளி ஜரிகை' என்றாலோ, பவர்லூமைக் கைத்தறி என்றாலோ அது தவறான விளம்பரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. சில்க் மார்க் அங்கீகாரம் வாங்காமல் அந்த முத்திரையைக் காட்டவும் கூடாது. விலை குறைந்த ரகமும் விற்கிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் 'இது ஹாஃப் ஃபைன், அதனால்தான் இந்த விலை, தினப்படி விசேஷத்துக்குத் தாராளமாகக் கட்டலாம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த ரகமும் விற்கும், உங்கள் பேச்சிலும் நம்பிக்கை கூடும். மற்ற கடைகளைப் பெயர் சொல்லிக் குறை கூற வேண்டாம்.

பலன் எப்போது தெரியும் என்றால், ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளராதீர்கள். முந்நூறு பேர் பார்த்த வீடியோவில் ஐந்து பேர் கல்யாண வீட்டார் என்றால் உங்கள் எட்டுத் தறிக்கு அது நல்ல வேலை. யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் துரத்தப் போனால் கடையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வேடிக்கை காட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று கேட்டு, வாட்ஸ்அப் பிசினஸில் 'வீடியோ பார்த்தவர்' என்று லேபிள் போட்டு வையுங்கள். அவர்கள் பேசும் தோரணையிலேயே வித்தியாசம் தெரியும். 'கோர்வைதானே?' என்று தொடங்குவார்கள், பேரமும் குறையும். யூடியூபின் புள்ளிவிவரப் பக்கமான அனலிடிக்ஸில் எந்த நிமிடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் முதல் ஒரு நிமிட முன்னுரையில்தான் இருக்கும், அதை வெட்டுங்கள்.

வாரம் ஒன்று போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கடையும் சற்று ஓய்வாக இருக்கும். அப்போது ஐந்தாறு நிகழ்ச்சிகளை ஒன்றாகப் பதிந்து வைத்துக்கொண்டு, ஆவணிக்கும் தைக்கும் ஆட்கள் சேலை தேடத் தொடங்கும் வாரங்களில் பதினைந்து நாளைக்கு ஒன்றாக வெளியிடுங்கள். மூன்றாவது கைவசம் இல்லாமல் முதலாவதை வெளியிட வேண்டாம்.

ஆங்கிலத்திலும் பேசினால்தான் வெளிநாட்டில் எடுபடும் என்று உங்கள் அண்ணன் மகன் சொல்லக்கூடும். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், கடையில் பேசுகிற அதே தமிழில். அவனை ஆங்கில சப்டைட்டில் தயாரித்து ஏற்றச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு அவன்தான் சரியான ஆள்.