இ-கேட் திறக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இமிக்ரேஷனில் பாஸ்போர்ட்டையும் ஆளையும் தானே சரிபார்த்துத் திறக்கும் தானியங்கிக் கதவுதான் இ-கேட். திருச்சி விமானநிலையத்துக்கும் அது வந்துவிட்டதால் கேள்விகள் குவிகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், வருடம் இரண்டு முறை போய் வருகிறோம். போனில் முகத்தைக் காட்டி நுழையும் டிஜி யாத்ரா செயலி இருக்கிறது. இமிக்ரேஷனுக்கும் அதுவே போதாதா?

போதாது. டிஜி யாத்ரா உள்நாட்டுப் பயணிகளுக்கு. விமானநிலைய வாசல், பாதுகாப்புச் சோதனை, விமானம் ஏறும் வாசல், அவ்வளவுதான். இமிக்ரேஷன் உள்துறை அமைச்சகத்தின் வேலை. அதற்கு ‘டிரஸ்டட் டிராவலர்’ திட்டத்தில் தனியாகப் பதிய வேண்டும். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஏழு ஊர்களுக்கும், அந்த செப்டம்பரில் திருச்சி உட்பட இன்னும் ஐந்து ஊர்களுக்கும் வந்தது.

இந்தியக் குடிமக்களும், ஓசிஐ அட்டை உள்ளவர்களும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) பதியலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் விண்ணப்பித்து, சரிபார்ப்பு முடிந்ததும் ஒருமுறை நேரில் போய்க் கைரேகையும் முகமும் பதிந்துவிட்டு வர வேண்டும். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும்; பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால் அதுவரைதான். பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு தரம் செய்ய நேரும்.

மேலட்டையில் தங்க நிறச் சின்னம் போட்ட, உள்ளே சிப் வைத்த புது இ-பாஸ்போர்ட் வந்திருக்கிறது. பையில் இருக்கும்போதே யாராவது சிப்பைப் படித்துவிட்டால்?

நல்ல பயம்தான். ஆனால் அந்த சிப் கேட்டவருக்கெல்லாம் வாய் திறக்காது. புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 இடம். அதிலிருக்கும் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றையும் சேர்த்தால்தான் சிப்புக்கான சாவி கிடைக்கும். கேட்டில் பாஸ்போர்ட்டைத் திறந்து குப்புற வைக்கச் சொல்வது இதற்காகத்தான். முதலில் அந்த வரிகளைப் படிக்கும், அப்புறம் சிப்பைத் திறக்கும். உள்ளே இருக்கும் விவரங்களில் வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பமும் இருப்பதால், படத்தை மாற்றினால் மாட்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு இயந்திரம் கேட்பது ஒரே கேள்வி: சிப்பில் இருக்கும் முகமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றா? சிப் இல்லாத பாஸ்போர்ட் என்றால் முன்பே பதிந்து வைத்த முகத்தோடும் ரேகையோடும்தான் ஒப்பிட முடியும். பாஸ்போர்ட்டையே எடுக்காமல் நடந்துபோவது இன்னொரு படி. அங்கே ஏற்கெனவே பதிந்த அத்தனை முகங்களுக்குள்ளும் உங்களைத் தேட வேண்டும். சாங்கி விமானநிலையத்தில் சிங்கப்பூர்வாசிகளுக்கு 2024 முதல் அப்படி நடக்கிறது. 25 வினாடி 10 வினாடியாகக் குறைந்தது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

திருநீறு, குங்குமம் வைத்திருந்தால் கேட் திறக்காதாமே?

வாட்ஸ்அப் வதந்தி. கண், மூக்கு, தாடை இவற்றின் அமைப்பைத்தான் மென்பொருள் முக்கியமாகப் பார்க்கிறது. தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினால் போதும். உண்மையான தொல்லை விரலில்தான். என் அத்தை ஒருமுறை கேட்டுக்குள் நின்று மூன்று தரம் விரல் வைத்தார், சிவப்பு விளக்குதான் வந்தது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு நான்காம் தரம் வைத்தார். அதற்கும் சிவப்புதான். நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகைக்கு எங்கே போவது? அதிகாரி வந்து பக்கக் கதவைத் திறந்து கவுண்ட்டருக்குக் கூட்டிப்போனார், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் நீங்கள் குற்றவாளி என்று அர்த்தமில்லை, ஓர் ஆள் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

ஐரோப்பாவில் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையை நிறுத்திவிட்டு இயந்திரம் வைத்தார்களே, வரிசை ஏன் நீண்டது?

2025 அக்டோபர் 12 முதல் 29 நாடுகளில் படிப்படியாக வந்த முறை அது. ஐரோப்பியர் அல்லாதவர் முதல் முறை நுழையும்போது முகமும் நான்கு விரல் ரேகையும் எடுக்கிறார்கள்; 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விரல் ரேகை எடுப்பது கிடையாது. அந்தப் பதிவு வேலையை எல்லையிலேயே, களைத்து வந்து இறங்கும் கூட்டத்தை நிறுத்திவைத்துச் செய்கிறார்கள். பிறகு வரிசை நீளாமல் என்ன செய்யும்? அடுத்த முறை போகும்போது வேகம் தெரியும், பதிவு மூன்று ஆண்டு இருக்கும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கை இனிக் கணினியே வைத்துக்கொள்ளும். ஒரு நாள் கூடினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் இதில் கெட்டிக்காரத்தனமாக, வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வீட்டிலேயே நிரப்பச் சொல்லிவிடுகிறது. இயந்திரம் எத்தனை என்று எண்ணுவதைவிட, வேலையை எங்கே வைத்துச் செய்கிறார்கள் என்று பார்ப்பேன்.

எல்லாம் இயந்திரமென்றால் அதிகாரிகள் எதற்கு?

2024 மே 7 இரவு பிரிட்டன் முழுக்க இ-கேட்கள் சில மணி நேரம் படுத்துவிட்டன. லண்டன் ஹீத்ரோ விமானநிலையத்திலும் மற்ற இடங்களிலும் பயணிகள் கவுண்ட்டர் முன் நின்றார்கள். அந்தக் கவுண்ட்டரில் உட்கார ஆள் வேண்டும். அத்தையின் விரலைப் பார்க்கவும் வேண்டும்.

சிங்கப்பூரில் முத்திரை குத்தவில்லை. எத்தனை நாள் இருக்கலாம் என்று எப்படித் தெரியும்?

வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு ‘இ-பாஸ்’ என்ற தங்கும் அனுமதி வரும், கடைசித் தேதி அதில் இருக்கும். அட்டையை மகன்தான் நிரப்பியிருப்பார், மின்னஞ்சலும் அவருடையதாக இருக்கும். தேதி அவர் இன்பாக்ஸில் கிடக்கும், நீங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். வந்திறங்கிய அன்றே கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டைக்குக் கட்டணமும் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.