மகனின் பல் சிகிச்சைக்கு 50,000க்கு மேல் கேட்கிறார்கள், எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஐந்து வயதுப் பையன். ஊட்டியில் பார்த்த டாக்டர் குழந்தைப் பல் நிபுணரிடம் போகச் சொல்ல, கோவையில் எட்டுப் பல்லுக்கு 50,000க்கு மேல் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் வருமா, பால் பல்தானே என்று விட்டுவிடலாமா?

எங்களுக்குக் கோத்தகிரி. சின்னத் தேயிலைத் தோட்டம், பேக்டரியில் இலைப் பணம் வந்தால்தான் கையில் காசு. மகளுக்கு இதே கதை நடந்ததால் எழுதுகிறேன்.

இன்ஷூரன்ஸை நம்பிக் காத்திருக்காதீர்கள். சாதாரண மருத்துவ பாலிசிகளில், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தவிர, பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரிய சிகிச்சைகளுக்கானது, சொத்தைப் பல்லுக்குக் கேப் போட அதை நீட்டிப் பயனில்லை.

பணம் மிச்சமாகும் இடம் எஸ்டிமேட்தான். மொத்தத் தொகையை ஒத்துக்கொள்ளாமல், பல் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் சொன்னது 54,000. பிரித்து வாங்கியபோது, நான்கு கடைவாய்ப் பற்களுக்கு, பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை 4,000, ஸ்டீல் கேப் 2,500 என்று மொத்தம் 26,000. மீதி 28,000 முழுக்க நான்கு முன்பற்களுக்கு வெள்ளை நிற ஜிர்கோனியா கேப்! அழகுக்குத்தான் பாதிக்கு மேல்.

காகிதத்தில் பல் எண் 75, 85 என்று இருந்தால் அவை கீழே இருபுறமும் உள்ள இரண்டாவது பால் கடைவாய்ப் பற்கள். விழுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயதாகும். இவற்றைச் சீக்கிரம் பிடுங்கினால், ஆறு வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னே சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் கம்பி போடுகிற செலவு தனி. அதனால் காசு முதலில் போக வேண்டியது இங்கேதான். 51, 61 என்பவை மேல் நடு முன்பற்கள், ஆறேழு வயதில் தானாகவே விழும். வலியோ சீழோ இல்லையென்றால் கேப் போடாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்று ஒரு மருந்து தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். சொத்தை உள்ள இடம் கறுத்துப்போகும், அதுதான் முக்கியக் குறை. எங்கள் வீட்டில் பாட்டிக்குத்தான் அது பிடிக்கவில்லை, மகள் கவலைப்படவே இல்லை. வெள்ளைக் கேப்புக்காக நகையை அடகு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த வழி பல் மருத்துவக் கல்லூரி. மலையில் கிடையாது, கோவையில் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. குழந்தைப் பல் பிரிவில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் கிளினிக்கைவிட நன்றாகவே குறையும், ஆனால் நேரம் எடுக்கும், பலமுறை கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ் செலவு, ஒரு நாள் வேலை. இதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தை நலத் திட்ட மருத்துவக் குழு வரும்போது பையனின் பல்லைக் காட்டுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால், பிடுங்குவது, அடைப்பது போன்றவை அங்கேயே இலவசமாக முடியலாம்.

பையன் நாற்காலியில் உட்காரவே மாட்டான் என்றால் முழு மயக்கத்தில் ஒரே நாளில் முடிப்பதைப் பற்றிச் சொல்வார்கள். அப்போது மயக்க மருத்துவர் கட்டணம், தியேட்டர், ரத்தப் பரிசோதனை எல்லாம் எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தனியாகத்தான் வரும். மயக்கத்துக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பாடு, பால் எதுவும் கூடாது. வெறும் தண்ணீரைக்கூட இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளையைக் கூட்டிப்போவது பெரும்பாடு. முந்தின நாளே இறங்கி ஓர் இரவு தங்குங்கள். அந்த ரூம் வாடகையையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.