பிரிண்ட் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

அன்பின் அண்ணா,

நான் கிளிநொச்சி, பரந்தன் பக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி பற்றி எழுதியதைப் பார்த்துத்தான் அதைப் படிக்கத் தொடங்கினேன், ஆகவே இந்தத் தலையிடிக்கு நீங்களும் ஒரு காரணம்.

அம்மா சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பாதி வியாபாரம் கடன்தான், "வெட்டு முடியத் தாறன் அக்கா" (நெல் அறுவடை முடியத் தருகிறேன்) என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கடன் கொப்பியைக் கணினியில் ஏற்றலாம் என்று ஒரு புரோகிராம் எழுதினேன். கோப்பில் பெயரும் தொகையும் வரிவரியாக இருக்கும். அதை ரீட்ஃபைலால் வாசித்து, புதிய கடனைச் சேர்த்து, அதே கோப்பில் ரைட்ஃபைலால் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 'ரிசோர்ஸ் பிசி, ஃபைல் இஸ் லொக்ட்' (கோப்பு பூட்டியிருக்கிறது) என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஒரு குழுவில் கேட்டேன். ஒருவர், கோப்பை நோட்பேடில் திறந்து வைத்திருக்கிறாய், மூடு என்றார். இன்னொருவர் முதலில் மொனாட் (ஹாஸ்கெலில் வரும், கணிதத்திலிருந்து எடுத்த ஒரு கருத்து) என்றால் என்னவென்று படித்துவிட்டு வா என்றார். ஏஐயிடம் கேட்டேன், அது தந்த நிரல் வேறொரு எரரைக் காட்டியது. இங்கே நேரில் கேட்க ஒருவரும் இல்லை. கூடப் படித்தவர்கள் பைதானுக்கு வா என்கிறார்கள். விடட்டுமா?

இன்னொன்று, பெயர்களைத் தமிழில் போட்டால் திரையில் எண்களாக வருகிறது. லப்டொப்பில் உபுண்டு 22.04, ஹாஸ்கெலும் அதிலிருந்தே நிறுவியது. எரரைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

பி.கு.: பிழை பிடிக்கலாம் என்று, வாசித்ததை ஒருமுறை திரையில் பிரிண்ட் செய்து பார்த்தேன். அப்போது எல்லாம் சரியாக ஓடியது. அந்த வரியை எடுத்தால் திரும்பவும் எரர். லப்டொப்புக்குப் பேய் பிடித்திருக்கிறது என்கிறான் தம்பி.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான பகுதி அந்தப் பின்குறிப்புத்தான். கைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தில் எரரின் பாதி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது, நிரலில் சிக்கலான இடம் படத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. ஆனால் 'பிரிண்ட் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது' என்ற ஒரு வரி போதும், ஹாஸ்கெல் பழகிய எவரும் அதைக் கேட்ட உடனே விஷயத்தைச் சொல்லிவிடுவார். அதைக் குழுவில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பகிடி மாதிரித் தெரிந்ததால் கடைசிக்குத் தள்ளிவிட்டீர்கள்.

நடப்பது இதுதான். ரீட்ஃபைல் கோப்பைத் திறக்கிறது, ஆனால் வாசிப்பதில்லை. உங்கள் கையில் வருவது ஒரு கடன்சீட்டு. யாராவது அந்த எழுத்துகளைக் கேட்கும்போதுதான், கேட்ட அளவுக்கு, கோப்பிலிருந்து வரும். கடைசி எழுத்து வரை வந்து முடிந்த பிறகே கோப்பு மூடப்படும். நீங்கள் கேட்காமலே அடுத்த வரிக்குப் போய், அதே கோப்பை எழுதுவதற்குத் திறக்கச் சொல்கிறீர்கள். ஒரு கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் வாசிக்கலாம், எழுதுகிறவர் என்றால் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஹாஸ்கெல் மொழியின் அறிக்கையிலேயே உள்ள விதி, குறைந்தபட்சம் ஒரே புரோகிராமுக்குள்ளாவது இதைக் காக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வாசிப்பதற்காகத் திறந்தது இன்னும் மூடவில்லை, ஆகவே எழுத விடமாட்டேன் என்கிறது. பூட்டி வைத்திருப்பது உங்கள் புரோகிராமேதான். நடுவில் பிரிண்ட் போட்டால், திரையில் காட்டுவதற்காகக் கடைசி எழுத்து வரை வாசிக்க வேண்டி வருகிறது, கோப்பு மூடுகிறது, பிறகு ரைட்ஃபைல் எந்தத் தடையும் இல்லாமல் எழுதுகிறது. பேய் இவ்வளவுதான்.

இனி உதவி செய்தவர்களைப் பார்ப்போம். நோட்பேட்காரர் விண்டோஸ் பழக்கத்தில் சொன்னார், உங்களிடம் நோட்பேடே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, எந்த இயங்குதளம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மொனாட்காரரை நான் அவ்வளவு இலகுவாக மன்னிக்க மாட்டேன். மொனாட் தெரியாமலே இந்தப் பிழையைத் திருத்தலாம், மொனாட்டைக் கரைத்துக் குடித்தவரும் இதில் மாட்டலாம். புதிதாக வருகிறவர் ஒரு கோப்பில் எழுத முடியவில்லை என்று கேட்டால், கணிதத்தைக் காட்டி வாசலிலேயே நிறுத்துகிற இந்தக் குணம் இந்த மொழிக்காரர்களிடம் கொஞ்சம் உண்டு, அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஏஐ விஷயம்தான் சுவாரசியமானது. எரர் என்னவென்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது என்ன செய்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது: கோப்பைத் திற, உள்ளடக்கத்தை எடு, எச்குளோஸ் போட்டு மூடு, பிறகு எழுது. பைதானிலோ சி-யிலோ இது சரியான அறிவுரை. இங்கே, வாசிக்காமலே மூடியாயிற்று, பிறகு எழுதப் போகும்போது உள்ளடக்கத்தைக் கேட்டால் 'டிலேய்ட் ரீட் ஒன் குளோஸ்ட் ஹேண்டில்' (மூடிய கோப்பிலிருந்து வாசிக்கப் பார்க்கிறாய்) என்று விழும். அது மட்டுமில்லை. ரைட்ஃபைல் கோப்பைத் திறந்ததும் முதலில் பழையதை அழிக்கும், எரர் வருவது அதற்குப் பிறகு. ஆகவே அந்த நிரலை ஓட்டியபின் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள், வெறுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவின் கொப்பியை இன்னும் எறியவில்லைத்தானே?

திருத்துவதற்கு இரண்டு வழி. புதிய ஜிஎச்சி (ஹாஸ்கெலின் கம்பைலர்) என்றால் ரீட்ஃபைல் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு ஒற்றை மேற்கோள்குறி போட்ட வடிவம் ஒன்று இருக்கிறது, அது முழுவதையும் உடனே வாசித்துக் கோப்பை மூடிவிடும். ஆனால் அது வந்தது 2021இல், ஜிஎச்சி 9.0 உடன். உபுண்டு 22.04 தருவது 8.8.4, அதில் இது கிடையாது. இணையத்தில் யாராவது அதைப் பரிந்துரைத்து, உங்களுக்கு 'அப்படி ஒன்று இல்லை' என்று எரர் வந்து, நீங்கள் இன்னொரு நாளை வீணாக்கியிருப்பீர்கள். அதனால்தான் எதைக் கேட்டாலும் ஜிஎச்சி என்ன பதிப்பு என்று முதலில் சொல்லச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவது டெக்ஸ்ட் நூலகத்தில் உள்ள ரீட்ஃபைல், அது முழுவதையும் ஒரேயடியாக வாசிக்கிறது, ஜிஎச்சியோடு கூடவே வருகிறது, தனியாக டேட்டா செலவழித்து இறக்கத் தேவையில்லை.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதில் எதையும் செய்ய மாட்டேன். அம்மா என்ன செய்கிறார்? ஒருவர் கடன் வாங்கினால் கொப்பி முழுவதையும் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதுகிறாரா? அடியில் ஒரு வரி சேர்க்கிறார். நீங்களும் அப்பெண்ட்ஃபைலால் ஒரு வரியை மட்டும் கடைசியில் சேருங்கள், அதற்குக் கோப்பை வாசிக்கவே தேவையில்லை. யாராவது காசு கொடுத்தால் மைனஸ் தொகையோடு இன்னொரு வரி. யார் எவ்வளவு தர வேண்டும் என்று பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் வாசித்து, பெயரும் தொகையுமான சோடிகளாக்கி, மாப் நூலகத்தில் உள்ள ஃப்ரொம்லிஸ்ட்வித் என்பதிடம் கூட்டல் குறியோடு கொடுத்தால் ஆளாளுக்குக் கணக்கு கூட்டி வந்துவிடும். பழையதை மாற்றாதே, புதியதைச் சேர், நிலவரத்தைக் கணக்கிட்டு எடு என்பது இந்த வகை மொழிகளுக்கு இயல்பான போக்கு. பற்றறி செத்த லப்டொப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும், போவது அநேகமாக அந்தக் கடைசி வரிதான். ரைட்ஃபைல் என்றால் காலபோக நெற்செய்கைக் காலம் முழுவதன் கடனும் ஒரு நொடியில் காணாமல் போகலாம், பிறகு அம்மாவிடம் நீங்கள்தான் கதைக்க வேண்டும்.

சரி, கேட்பது எப்படி என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் உண்மையான கேள்வி அதுதான். அடுத்த முறை குழுவில் போடும்போது கடை, கொப்பி, உயர்தரம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் (எனக்கு எழுதும்போது விட வேண்டாம்). புரோகிராமில் இருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வாருங்கள், எரர் இன்னும் வருகிறதா என்று ஒவ்வொரு வெட்டுக்கும் பாருங்கள். உங்கள் புரோகிராமை அப்படி வெட்டினால் கடைசியில் மிஞ்சுவது இரண்டு வரி: கோப்பை வாசி, அதன் முடிவில் ஒரு எழுத்தைச் சேர்த்து அதே பெயரில் எழுது. அந்த இரண்டு வரியையும் படமாக இல்லாமல் எழுத்தாக ஒட்டுங்கள், எரரை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை ஒட்டுங்கள், பதிப்பு எண்ணைப் போடுங்கள், பிறகு "நடுவில் பிரிண்ட் போட்டால் ஓடுகிறது, ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. ஓட்டிப் பார்க்கக்கூடிய இரண்டு வரியைக் கண்டால் உதவி செய்யக் கை தானாக வரும், அரைப் படத்தைக் கண்டால் எனக்கே வராது. வெட்டுகிற வேலையைச் செய்யும்போது பாதிச் சிக்கல்கள் கேட்பதற்கு முன்னமே பிடிபட்டுவிடும் என்பது வேறு.

நேரில் கேட்க ஆளில்லை என்கிறீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே கணினி படிக்கிறவர்களைப் பிடித்துப் பொதுவான புரோகிராமிங் கேள்விகள் தாராளமாகக் கேட்கலாம். ஹாஸ்கெல் என்றால் அவர்களும் முழிக்கக்கூடும், ஆனால் கொழும்பிலும் பக்கத்து மேசைக்காரர் முழிக்கத்தான் போகிறார், இதில் வன்னிக்குத் தனிக் குறை ஒன்றும் இல்லை. பரந்தனில் இரவு பதினொரு மணிக்கும் உங்களோடு கதைக்கக்கூடிய ஒரே ஆள் கம்பைலர்தான். எழுதத் தெரியாத இடத்தில் ஒரு அடிக்கோட்டை மட்டும் போட்டுவிட்டுக் கம்பைல் செய்து பாருங்கள், இந்த இடத்துக்கு இன்ன வகையில் (டைப்) ஒன்று தேவை, உன் கையில் இன்ன இன்ன இருக்கிறது என்று அதுவே சொல்லும். அந்த வகையை அப்படியே ஹூகிள் என்ற ஹாஸ்கெல் தேடல் தளத்தில் போட்டால் பொருந்துகிற ஃபங்ஷன்களைக் காட்டும், பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன ஃப்ரொம்லிஸ்ட்வித்தையும் அப்படித் தேடி எடுக்கலாம். ஹொட்ஸ்பொட் போட்டுப் படிக்கிறவர் என்றால் உபுண்டுவில் ஜிஎச்சி-டொக் என்ற பொதியை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜிஎச்சியோடு வருகிற நூலகங்களின் ஆவணங்கள் இணையம் இல்லாமலே இருக்கும்.

தமிழ் எண்களாக வருவது பிழை இல்லை. பிரிண்ட் என்பது, மதிப்பை எழுத்தாக்கித் தரும் ஷோ என்ற ஃபங்ஷன் வழியாகப் போகிறது, ஷோ என்பது ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சாதாரண குறிகள் தவிர்ந்த மற்ற எழுத்துகளையெல்லாம் யூனிகோட் எண்ணாக மாற்றிக் காட்டும். 'கிளி' என்று கொடுத்தால் \2965\3007\2995\3007 என்று வரும். பெயரையும் தொகையையும் சோடியாக வைத்துப் பிரிண்ட் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதை விட்டுத் தொகையை மட்டும் ஷோ செய்து, பெயரோடு ஒட்டி, புட்ஸ்ட்ரிங்லைனிடம் கொடுங்கள், தமிழாகவே வரும். அந்த எண்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: 'கிளி' கண்ணுக்கு இரண்டு எழுத்து, நீளத்தை எண்ணும் லெங்க்த் நான்கு என்று சொல்லும். தொகைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குவதற்குப் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் நிரப்பினீர்கள் என்றால் கோணல்மாணலாகத்தான் வரும். தொகையை முதலில் போட்டுப் பெயரைப் பின்னால் போடுங்கள், பிரச்சினையே இல்லை.

பைதானைப் பற்றி: படியுங்கள், வேலைக்கு உதவும், கெட்டித்தனமான பிள்ளைக்கு அது பெரிய பாரமும் இல்லை. ஆனால் கடன் கணக்கை முடிக்காமல் போக வேண்டாம். அப்பெண்ட்ஃபைலுக்கு மாற்றிவிட்டு, எங்காவது முட்டினால், இரண்டு வரியாக வெட்டி எழுத்தாக அனுப்புங்கள். படம் அனுப்பினால் பதில் தாமதமாகும்.