பனிமூட்டத்தில் நண்பர்களோடு மலை ஏறிய அனுபவம் உண்டா? எப்படி இருந்தது?

உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ராயக்கோட்டை மலையில், ஒரு மார்கழி விடியலில். பள்ளிக்காலத்து நண்பர்கள் நான்கு பேர் போனோம். எங்கள் பக்கம் வெண்பனி விழாது. பனி என்றால் புல்லில் நிற்கும் ஈரமும் ஆளை மறைக்கும் மூட்டமும்தான். ஆனால் பத்தடி தள்ளி இருப்பவன் காணாமல் போக அதுவே போதும்.

அடிவாரத்தில் ஆடு ஓட்டி வந்த பெரியவர், "வெயில் ஏறட்டும் தம்பி, பாறை வழுக்கும்" என்றார். கேட்டிருக்க வேண்டும். மேலே நின்று சூரியன் உதிப்பதைப் பார்க்கிற ஆசையில் ஏறிவிட்டோம்.

1791இல் ஆங்கிலேயர் திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை அது. தூரத்தில் வரும் படையைப் பார்ப்பதற்காகக் கட்டிய மதில், அன்றைக்குக் கை நீட்டித் தொடும் தூரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாறையெல்லாம் எண்ணெய் தடவியது போல இருந்தது. வேகமாக நடக்கிற மூவரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டோம். மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம், நான்காவது ஆள் இல்லை.

கூப்பிட்டோம். பதில் வந்தது. ஆனால் குரல் பாறைகளில் பட்டுச் சிதறியதில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. டார்ச் அடித்தால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. ஒருவன் தேடி இறங்கப் போனான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். "நீ இருக்கிற இடத்திலேயே உட்காருடா, நகராதே" என்று கத்திவிட்டு, நாங்களும் அங்கேயே உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். அரை மணி நேரம்.

வெளிச்சம் வந்து மூட்டம் கொஞ்சம் விலகியதும் தெரிந்தான். எங்களுக்கு இருபதடி கீழே, பாதையை விட்டு விலகி, ஒரு சரிவின் ஓரத்தில்.

அப்புறம் அவனை முன்னால் விட்டு அவன் நடைக்கு நடந்தோம். பனியில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். பிரிந்துவிட்டால் இரு பக்கமும் நின்றுவிடுங்கள்.

உச்சியில் மூட்டமே இல்லை. மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஏரி, வயல் ஈரமெல்லாம் அதில்தான் பனியாகிறது. கீழே ஊர், தக்காளித் தோட்டம், ரயில் பாதை எதுவும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பெரிய ஏரி, அதன் நடுவே சில குன்றுகளின் தலை மட்டும். சூரியன் எப்போதோ உதித்திருந்தது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

இறங்கி அவன் வீட்டுக்குப் போனோம். பனி விழுந்த அவரைக்கு மணம் அதிகம் என்பார்கள். அவன் அம்மா களியும், அந்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி வைத்த பிதுக்கம்பருப்புக் குழம்பும் போட்டார். களியை எடுக்கும்போது அவன் உள்ளங்கையைப் பார்த்தேன், முள் கிழித்த கோடுகள். அந்த அரை மணி நேரமும் ஒரு முட்புதரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம்.