பூக்களை அரூபமாக மர அச்சில் செய்த ஜப்பானியப் பெண் ஓவியர் யார்? எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

என்னைக் கேட்டால் யோஷிதா ஃபுஜியோ. முதலில் பார்க்க வேண்டியது 1954இல் செய்த 'சிவப்புக் கன்னா'.

கன்னா வேறொன்றுமில்லை, நம் கல்வாழைதான். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானாக மண்டிக் கிடக்கும். அதை நின்று பார்த்ததே இந்தப் படத்துக்குப் பிறகுதான். படத்தில் ஜாடி இல்லை, தோட்டம் இல்லை; இதழ் மடிப்புகள்தான் படம். தலைப்பை மறைத்துக் காட்டினேன், அம்மா "சேலைக் கொசுவமா?" என்றார்.

ஃபுஜியோ பிறந்தது 1887. கணவர் ஹிரோஷி யோஷிதா நிலக்காட்சி மர அச்சில் பெரிய பெயர். இந்தியா வந்துபோய்த் தாஜ்மகாலையும் மதுரைக் கோயிலையும்கூட அச்சாக்கியவர். ஃபுஜியோவும் சளைத்தவரல்ல, இருபது வயதுக்கு முன்பே அமெரிக்காவில் நீர்வண்ண ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர். இளைய மகன் ஹோதாகா அரூபத்துக்குப் போனது அப்பாவுக்கு ஒப்பவில்லை. அம்மாவோ அந்தப் பக்கமே சாய்ந்தார். 1950இல் ஹிரோஷி இறந்தார். இந்தப் பூ அச்சுகள் வந்தபோது ஃபுஜியோவுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல்!

பூக்களைப் பெரிதாக்கி வரைந்த அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபோடு ஃபுஜியோவை ஒப்பிடாதவர்கள் குறைவு. அவரும் 1887இல் பிறந்தவர், அவரும் சிவப்புக் கன்னாவை வரைந்தவர். ஆனால் எண்ணெய் வண்ணத்தைத் தூரிகையால் குழைத்துக்கொண்டே போகலாம். மரத்தில் வெட்டினால் வெட்டியதுதான். சிவப்பு மெல்ல மங்கிப் போக வேண்டுமென்றால், கட்டையில் ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் சாயம் வைத்துத் தூரிகையால் இழுத்துவிட்டு, தாளைப் போட்டு, மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தட்டால் பின்புறம் தேய்க்க வேண்டும். இதற்குப் 'பொகாஷி' என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் மறுபடி முதலிலிருந்து.

நானும் ஒரு பலகையில் இரண்டே நிறத்தில் செம்பருத்தி முயன்றேன். பாரெனுக்குப் பதில் கரண்டி முதுகு. தாளைப் பொருத்தி வைக்கக் கட்டையின் மூலையில் 'கென்தோ' என்ற சிறு வெட்டுப் போடுவார்கள். அது எதற்கு என்று விட்டுவிட்டேன். மகரந்தத் தண்டு பூவுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி நின்றது.

கன்னாவுக்கு அடுத்து அதே வருடத்து 'மஞ்சள் ஐரிஸ்'. அப்புறம் மருமகள் சிசுகோ, பேத்தி அயோமி. இருவரும் மர அச்சுக்காரர்கள்தான், ஆனால் ஃபுஜியோ சாயல் துளியும் கிடையாது. கைப்பேசியில் மட்டும் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும்.